மாஃபே வைக்கும் முறையும் காத்திருக்கும் முறையும்

மேற்கு ஆப்பிரிக்காவின் நிலக்கடலைக் குழம்புக்கு நாட்டுக்கு ஒரு பெயர். செனகலில் மாஃபே, காம்பியாவில் டொமோடா, மாலியில் டீகாதேகேனா, கானாவின் அக்கான் மக்களிடம் இங்கட்டென்குவான். கடைசிப் பெயரைத் தடுமாறாமல் சொல்லிப் பழகுவதற்குள் குழம்பே தயாராகிவிடும். பிறந்த வீடு மாலியின் மாண்டிங்கா, பம்பாரா மக்களின் அடுப்படி என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வெளியூர்களில் பெயர் வாங்கிக்கொண்டது செனகல். எந்த நாட்டு முறை அசல் என்று கேட்டால், நான்கு நாட்டுக்காரர்களும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: அம்மா வைக்கும் முறை. அதற்கு மேல் குறுக்கு விசாரணை செய்பவருக்குச் சாப்பாடு தாமதமாக வரும்.

அடிப்படைச் சரக்கு எல்லா ஊரிலும் ஒன்றே. கறி, வெங்காயம், பூண்டு, தக்காளி விழுது, வறுத்தரைத்த கடலை விழுது, கிழங்கும் காயும், காரமான மிளகாய், இரண்டு மணி நேரப் பொறுமை. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் பாதி அளவு போடுகிறார்கள். மாஃபே கெட்டுப்போவதற்கான காரணங்களில் முக்கால்வாசி இதில் அடங்கும்.

நிலக்கடலை பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சள் பூ தரைக்கு மேலே பூக்கும். கருவுற்றதும் பூவின் அடியிலிருந்து ஒரு விழுது கீழ்நோக்கி நீண்டு மண்ணுக்குள் இறங்கும்; காய் பிடிப்பதும் முற்றுவதும் அங்கேதான். ஊரறியப் பூத்து ஒருவருக்கும் தெரியாமல் காய்க்கும் இந்தச் செடியின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அதை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பம்பாராக் கடலை என்ற உள்ளூர்ப் பயறு ஏற்கெனவே மண்ணுக்குள் காய்த்துக்கொண்டிருந்ததால், புதிதாக வந்ததை எப்படி வளர்ப்பது, எப்படிப் பறிப்பது என்று யாரும் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. தக்காளி, மிளகாய், மரவள்ளி, சர்க்கரைவள்ளி ஆகியவற்றின் பூர்வீகமும் அமெரிக்கக் கண்டங்களே. ஆக, பரம்பரைக் குழம்பு என்று கொண்டாடப்படும் மாஃபேயில் பாதிக்கு மேல் கப்பலேறி வந்த சரக்கு. மிளகாயும் தக்காளியும் போட்ட சாம்பாரைப் பழந்தமிழர் உணவு என்று சாதிப்பவர்கள் இந்த இடத்தில் சிரிக்காமல் அடுத்த பத்திக்குப் போவது நல்லது.

19-ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்கு எண்ணெய் தேவைப்பட்டது. சோப்புக்கு எண்ணெய், விளக்குக்கு எண்ணெய், இயந்திரத்துக்கு எண்ணெய். செனகலின் வயல்கள் கடலைக்கு மாறின. அதை அள்ளிவர 1885-இல் டாக்கருக்கும் செயின்ட் லூயிக்கும் இடையே ரயில் ஓடியது. நிலமெல்லாம் கடலையானதும் தட்டில் போடத் தானியம் போதவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கும் வழி வைத்திருந்தார்கள்: தங்கள் இன்னொரு குடியேற்றமான இந்தோசீனாவிலிருந்து உடைந்த அரிசியைக் கப்பலில் இறக்கினார்கள். செனகல் மக்கள் அந்த நொய்யரிசியின் ருசியில் விழுந்தவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. முழு அரிசியையும் நொய்யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அங்கே பலரின் கை நொய்ப்பக்கம்தான் போகும். குழம்பை நன்றாக உறிஞ்சுவது அதுதான் என்பது அவர்கள் வாதம். நொய்யைக் கஞ்சிக்கும் கோழிக்கும் ஒதுக்கிவைத்த தமிழ்நாட்டார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் உறவுமுறை உண்டு. அதே காலத்தில் தென்னார்க்காட்டு மல்லாட்டையும் புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. செனகல் கடலையும் தென்னார்க்காட்டுக் கடலையும் முகம் பார்த்துக்கொண்டது அந்த ஊர் எண்ணெய் ஆலைகளில். குசலம் விசாரிக்க நேரம் கிடைத்திருக்காது.

பிரிட்டிஷ் அரசுக்கும் கடலை ஆசை வந்தது, கொஞ்சம் தாமதமாக. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சமையல் எண்ணெய்த் தட்டுப்பாட்டைத் தீர்க்க, 1947-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்கன்யிகாவில் பெருந்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. போரில் மிஞ்சிய டாங்கிகளை டிராக்டராக மாற்றிக் காட்டை அழித்தார்கள். மண் பற்றி மட்டும் மண்ணைக் கேட்கவில்லை. வெயில் காலத்தில் அது கல்லாக இறுகியது. விழுது இறங்கவும் இடமில்லை, விளைந்ததைப் பிடுங்கவும் வழியில்லை. மழையும் திட்ட அறிக்கையைப் படித்திருக்கவில்லை. 1951-இல் சுமார் மூன்றரைக் கோடி பவுண்டைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுக் கடையைக் கட்டினார்கள். அந்த நான்கு ஆண்டுகளும் மேற்கு ஆப்பிரிக்க விவசாயிகள் கைக் களைக்கொத்தை வைத்துக்கொண்டு கடலை விளைவித்துக்கொண்டுதான் இருந்தார்கள். கடலையை அவசரப்படுத்த முடியாது என்பது அவர்களுக்கு அறிக்கை எழுதாமலே தெரிந்திருந்தது.

குழம்பின் உயிர் கடலை விழுது. 100 கிராம் கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். இளந்தீயில் நிதானமாக வறுத்து, ஆறவைத்து, தோலை ஊதிவிட்டு அரைக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் முதலில் பொடியாகும். அடுத்து ஓரத்தில் ஏறி அப்பிக்கொண்டு, நடுவில் பிளேடு மட்டும் வெறுமனே சுற்றும். பெரும்பாலானோர் நம்பிக்கை இழந்து தண்ணீர் ஊற்றுவது இந்தக் கட்டத்தில்தான். ஊற்றினால் கிடைப்பது விழுதல்ல, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடலைச் சட்னி. மூடியைத் திறந்து, வழித்துவிட்டு, மிக்ஸிக்கும் மூச்சு வாங்க நேரம் கொடுத்து, மறுபடி சுற்றவிட வேண்டும். மூன்று நான்கு முறை வழித்தபின் உருண்டை தளரும், பளபளப்பு ஏறும், பிறகு விழுது தானாக வழிந்தோடத் தொடங்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டும் சேர்க்கவில்லை, எல்லாம் கடலையின் சொந்த எண்ணெய். பூஞ்சை பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளை வறுக்கும் முன்பே பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அவற்றில் இருக்கக்கூடிய அஃப்லாடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் கூடாது.

கடையில் வாங்கும் பீநட் பட்டரும் ஆகும், சீசாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டால். ‘கடலை, உப்பு’ என்று இருந்தால் சரி. சர்க்கரை இருந்தால் விளைவு கறி போட்ட பாயசம். சீசாவுக்குள் எவ்வளவு கடலை இருக்க வேண்டும் என்பதே அமெரிக்காவில் பெரிய வழக்கானது. 95 சதவீதம் வேண்டும் என்று 1959-இல் அரசு முன்மொழிந்தது. 87 போதும் என்று கம்பெனிகள் வாதாடின. விசாரணைகள், ஆயிரக்கணக்கான பக்கச் சாட்சியங்கள், மேல்முறையீடு எல்லாம் முடிந்து 90 சதவீதம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது 1971-இல். கம்பெனிகள் கேட்டதற்கும் கிடைத்ததற்கும் வித்தியாசம் மூன்று சதவீதம், பிடித்த காலம் 12 ஆண்டு. மாஃபேக்கு இரண்டு மணி நேரமா என்று அலுத்துக்கொள்பவர்கள் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளலாம்.

இனி அடுப்பு. ஆறு பேருக்கு ஒரு கிலோ ஆட்டுக்கறியோ மாட்டுக்கறியோ கோழியோ, கால் கிலோ கடலை விழுது. அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் காயவைத்து, கறியைச் சிவக்க வறுத்து எடுத்து வைக்க வேண்டும். அதே எண்ணெயில் வெங்காயம், பூண்டு. அவை வதங்கியதும் மூன்று மேசைக்கரண்டி தக்காளி விழுது. தக்காளி இங்கே சும்மா வாடினால் போதாது, பொரிய வேண்டும். பளிச்சென்ற சிவப்பு மங்கிச் செங்கல் நிறத்துக்கு வரும்வரை கிளற வேண்டும். பச்சை வாடையோடு தண்ணீர் ஊற்றிவிட்டால் அந்தப் புளிப்பு கடைசிவரை குழம்பைவிட்டு நகராது. பிறகு கறியைத் திரும்பப் போட்டு, ஒன்றரை லிட்டர் தண்ணீர் விட்டு, மூடி, கறி முக்கால் பதம் வேகும்வரை விட்டுவிடலாம். கோழியானால் சீக்கிரம், முற்றிய ஆடானால் ஒரு மணி நேரமும் ஆகலாம். அதைத் தீர்மானிப்பது கறிக்கடைக்காரரின் மனசாட்சி.

கடலை விழுதை நேராகக் கொதிக்கும் பாத்திரத்தில் போடக் கூடாது. கட்டிகட்டியாக மிதக்கும்; விருந்தாளி கறி என்று நம்பி எடுப்பார். ஒரு கிண்ணத்தில் விழுதைப் போட்டு, சூடான கறிச் சாற்றை ஒவ்வொரு கரண்டியாக விட்டுக் கரைத்து, மோர்ப் பதத்துக்கு வந்தபின் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் தீயைக் குறைத்தாக வேண்டும். இந்த நிமிடத்திலிருந்து குழம்பின் குணம் மாறிவிடுகிறது. அதுவரை சாதுவாகக் கொதித்தது இப்போது கனத்து, அடியில் ஆவி சேர்த்து, எரிமலைச் சேறு மாதிரி ‘பொளக்’ என்று வெடிக்கும். ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு பொட்டு, சுவரிலோ சட்டையிலோ. வெள்ளைச் சட்டை போட்டவர் வீட்டில் இருந்தால் பொட்டு அவரைத் தேடிப் போகும்.

கனமான குழம்பு அடிபிடிக்கும். அகப்பை பாத்திரத்தின் அடியைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். மேலோட்டமாகக் கிளறுவது கண்துடைப்பு. ஒரு கைப்பேசி அழைப்பு போதும், குழம்பு தீய. அப்படிப் பிடித்துவிட்டால் சுரண்டக் கூடாது. மேலே இருப்பதை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, ஒன்றும் நடக்காத முகத்தோடு தொடரலாம். மோப்பம் பிடித்து வருபவரிடம், வறுத்த கடலை வாசனை என்று சொல்லிப் பார்க்கலாம்; பலிப்பது அபூர்வம்.

காய்கள் வயது வாரியாகப் போகும். மரவள்ளி, கேரட் முதலில். பெரிய துண்டுகளாக முட்டைக்கோஸ் அடுத்து. சர்க்கரைவள்ளியும் வெண்டையும் கடைசியில். காம்பியாவில் பூசணி சேர்ப்பார்கள், இறுதியில் எலுமிச்சையும் பிழிவார்கள். காரத்துக்கு ஸ்காட்ச் பானட் என்ற குட்டைக் குடமிளகாய். உருவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, நம் பச்சைமிளகாய் அதன் முன்னால் பச்சைக் குழந்தை. அதைக் கீறாமல், காம்போடு முழுதாக மிதக்கவிடுவது வழக்கம். வாசனை இறங்கும், காரம் உள்ளேயே இருக்கும். கிளறுபவர் அகப்பையால் அதை நசுக்கிவிட்டால் அன்றைய பந்தியில் பேச்சுக் குறைவாக இருக்கும்.

மிச்சமிருப்பது காத்திருப்பு. விழுது ஊற்றியவுடன் குழம்பின் மேற்பரப்பு மங்கலாக, சுவரில் பூசிய சுண்ணாம்புபோல இருக்கும். அரைமணி நேரம் கழித்து ஓரங்களில் செந்நிறப் பொட்டுகள் தெரியும். பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே எண்ணெய்ப் படலமாக நிற்கும். மாஃபே வெந்ததற்கு மேற்கு ஆப்பிரிக்கச் சமையற்காரர்கள் பார்க்கும் அடையாளம் இதுதான். எண்ணெய் பிரிய வேண்டும் என்று தமிழ் அடுப்படிகளில் சொல்லும் அதே இலக்கணம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து ‘ஆச்சா?’ என்று கேட்பதற்காகவே எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். திறக்கத் திறக்க ஆவி போகும், நேரம் நீளும். அவரை நொய்யரிசி களைய அனுப்பிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. கொழுப்புக்குப் பயந்தவர்கள் அந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். ஆனால் வழிப்பதற்கும் முதலில் அது மேலே வந்தாக வேண்டும்.

செனகலில் பரிமாறுவது ஒரே பெரிய தாம்பாளத்தில். அடியில் சோறு, மேலே குழம்பு, நடுவில் கறியும் காயும். சுற்றி எல்லாரும் உட்கார்ந்து வலக்கையாலோ கரண்டியாலோ சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருக்கும் பகுதிதான் அவரவர் எல்லை. நடுவிலிருக்கும் கறிக்குக் கை நீட்டுவது மரியாதைக் குறைவு. வீட்டுக்காரம்மாள் கறியைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளுவார். யாருக்கு எது என்பது அவர் அதிகாரம், மேல்முறையீடு கிடையாது. கானாவில் இதே குழம்புக்கு ஃபூஃபூ என்ற இடித்த மரவள்ளி உருண்டை துணை. அதைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்க வேண்டும். நன்றாக மென்று தின் என்று அடி வாங்கி வளர்ந்தவர்களுக்கு இது கடினமான பாடம். மென்றால் வெளியூர் ஆள் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் கறியை விட்டுவிட்டுக் கொண்டைக்கடலையும் கீரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஒரு சைவப் பதிப்பு உண்டு. வயிறு நிறைகிறது, ருசியும் குறையில்லை. தேங்காய்ப்பால் மட்டும் தேவையற்ற ஆடம்பரம், கடலை இருக்கும் இடத்தில் இரண்டாவது கொழுப்புக்கு வேலையில்லை. எந்தப் பதிப்பானாலும் பந்தி போடும் முன் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட வேண்டும். அது நகைச்சுவைக்கு இடமில்லாத, உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

மாஃபே உண்டபின் வேலைக்குத் திரும்பலாம் என்று திட்டமிடுபவர்கள் அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளவும். செனகலில் இதற்கு மேல் அத்தாயா என்ற தேநீர் மூன்று சுற்று வரும். முதல் சுற்று கசக்கும், மூன்றாவது இனிக்கும், மூன்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். மிஞ்சிய குழம்பு மறுநாள் இன்னும் ருசிக்கும், ஆனால் குளிரில் களியாக இறுகியிருக்கும். அரை டம்ளர் வெந்நீர் விட்டு, சின்னத் தீயில், கிளறிக்கொண்டே சூடாக்கவும். அப்போதும் வெள்ளைச் சட்டை வேண்டாம்.