வீம்புக்குக் கட்டிய வீடுகள்

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் எந்தப் பழைய மாளிகைக்குள் நுழைந்தாலும் வழிகாட்டி ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "பண்பாடுகளின் சங்கமம்" என்று ஆரம்பிப்பார். மரியாதையாகத் தலையாட்டி வையுங்கள், நம்ப வேண்டாம். இந்த வீடுகளில் பாதி வீம்புக்குக் கட்டியவை. மீதிப் பாதி, அந்த வீம்பைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் கட்டியவை. இவை இன்றுவரை இடிபடாமல் நிற்பதற்கும் கலை ஆர்வத்துக்கும் சம்பந்தம் கிடையாது. நன்றி சொல்வதென்றால் ஒரு கிழவரின் உயிலுக்கும், ஒரு வாடகைச் சட்டத்துக்கும், வீட்டுக்காரர்களின் கஞ்சத்தனத்துக்கும் சொல்லலாம்.

தீவின் கதையே ஒரு வாடகைத் தகராறில்தான் தொடங்குகிறது. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேய வியாபாரி கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் இங்கே கொடி ஏற்றினார். தீவு கெடா சுல்தானுக்குச் சொந்தம். "சயாம்காரன் உங்கள்மேல் பாய்ந்தால் எங்கள் படை ஓடிவரும்" என்பதுதான் பேச்சு. கம்பெனியோ படையெல்லாம் அனுப்ப முடியாது என்று கையை விரித்துவிட்டது. இந்தச் சின்ன விஷயத்தைச் சுல்தானிடம் சொல்ல லைட்டுக்கு நேரம் வாய்க்கவில்லை போலிருக்கிறது. ஏமாந்தது தெரிந்த சுல்தான் 1791-ல் ஆள் திரட்ட, லைட் முந்திக்கொண்டு போய் அடித்தார். அடித்த கையோடு வருஷத்துக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று ஒப்பந்தமும் போட்டார். குடிவந்தவர் வீட்டுக்காரரை உதைத்து வாடகையைத் தானே நிர்ணயித்துக்கொண்ட அபூர்வமான சம்பவம் இது. பினாங்கில் குடியிருப்பவர் கை ஓங்கியே இருக்கும் என்பதற்கு இதுவே பிள்ளையார் சுழி.

காட்டை வெட்ட ஆள் கிடைக்காதபோது லைட் பீரங்கியில் வெள்ளிக் காசுகளை அடைத்துக் காட்டுக்குள் சுட்டாராம். காசைத் தேடிப் போனவர்கள் மரத்தையும் வெட்டிக்கொண்டே போனார்களாம். உண்மையோ கதையோ, மனை விற்கிறவர்கள் யாரும் இதற்கு இணையாக ஒரு விளம்பரம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. வெட்டியவருக்கு வெட்டிய நிலம் என்பது அவர் கொள்கை. தனக்கும் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு அதில் மிளகு பயிரிட்டு, சொந்த ஊர் நினைவாக 'சஃபோக்' என்று பெயர் வைத்தார். 1794-ல் மலேரியா அவரைக் கொண்டுபோனது. அவரோடு வாழ்ந்த மார்ட்டினா ரோசல்ஸுக்கு அந்தச் சொத்து நிலைக்கவில்லை. கம்பெனி ஆட்கள் கைக்கே போய்ச் சேர்ந்தது.

இன்று அங்கே நிற்கும் சஃபோக் மாளிகை லைட் காலத்தது அல்ல, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சென்னைக்காரர் ஒருவரைக் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினால், அடையாற்றங்கரையில் ஏதோ துரை பங்களா என்று நினைத்துக்கொள்வார். அகன்ற வராந்தா, உயரமான தூண்கள், வெயில் எட்டாத உள்கூடம், சுற்றிலும் தோட்டம்: மதராஸிலும் கல்கத்தாவிலும் கம்பெனித் துரைகள் புழுக்கம் தாங்காமல் உருவாக்கிக்கொண்ட தோட்ட வீட்டைத்தான் அப்படியே கப்பலேற்றியிருக்கிறார்கள். ஊருக்கு வேலை செய்ய ஆளும் கப்பலிலேயே வந்தது. இந்தியாவிலிருந்து கைதிகளை அனுப்பினார்கள். 1818-ல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அவர்கள் உழைப்பில் உருவானது. ஆயுள் தண்டனை பெற்றவர்கள் கட்டியதாலோ என்னவோ, கட்டடத்துக்கும் ஆயுள் கெட்டி.

இந்த சஃபோக் மாளிகையில்தான் சிங்கப்பூர் பற்றிய பேச்சு நடந்தது என்பார்கள். தெற்கே புதுத் துறைமுகம் ஒன்று வேண்டும் என்று கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் வந்து நின்றார். பினாங்கின் கவர்னர் பானர்மேனுக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கடை திறந்தால் தன் கடையில் ஈயாடும் என்று யாருக்குத்தான் தெரியாது? 1819 ஜனவரியில் ராஃபிள்ஸ் கிளம்பிப் போய்ச் சிங்கப்பூரில் கொடி ஏற்றிவிட்டார். பானர்மேன் பயந்தது நூற்றுக்கு நூறு நடந்தது. வரலாறு ராஃபிள்ஸுக்குச் சிலை வைத்தது. சரியாகக் கணித்த பானர்மேனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. மாளிகை பிற்பாடு பள்ளிக்கூடத்தின் வசம் போய், பிள்ளைகளின் கேன்டீனாகி, 1970-களில் கூரை எப்போது தலையில் விழும் என்று தெரியாத நிலையில் பூட்டப்பட்டது. 2000-களில்தான் தூசு தட்டி நிமிர்த்தினார்கள்.

துரைகள் தோட்டத்தில் காற்று வாங்கியபோது, ஊருக்குள் மற்றவர்கள் அகலத்தில் கஞ்சத்தனமும் நீளத்தில் தாராளமும் காட்டி வீடு கட்டினார்கள். முன்னால் கடை, பின்னாலும் மாடியிலும் குடும்பம். இரண்டு பக்கமும் பொதுச்சுவர் என்பதால் ஜன்னலுக்கு வழியில்லை. நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்றை விட்டார்கள். சூடான காற்று அதன் வழியே மேலே போகும், வெளிச்சமும் மழையும் கீழே வரும், மாமியாரின் குரல் எல்லா அறைக்கும் சமமாகப் போய்ச் சேரும். மின்விசிறிக்கு முந்தைய காலத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. சில வீடுகளில் மாடித் தரையில், வாசலுக்கு நேர் மேலே, சின்ன மூடியிட்ட ஓட்டை இருக்கும். கதவு தட்டினால் மேலிருந்தபடியே குனிந்து ஆளைப் பார்க்கலாம். கடன்காரன் என்றால் ஓசைப்படாமல் மூடிவிடலாம். சிசிடிவி-யைக் கண்டுபிடித்தவர்கள் இதைப் பார்த்திருந்தால் வெட்கப்பட்டிருப்பார்கள்.

வாசலுக்கு முன்னால் கூரையிட்ட நடைபாதை. ராஃபிள்ஸ் 1822-ல் சிங்கப்பூருக்குப் போட்ட நகரத் திட்டத்தில் இது கட்டாயமானது, பிறகு இந்தக் கரையெங்கும் பரவியது. அங்குள்ள தமிழர்கள் 'அஞ்சடி' என்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள். மழையிலும் வெயிலிலும் ஜனங்கள் நடக்க வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். நாவிதர், கடிதம் எழுதுபவர், ஜோசியர், பலகாரக்காரர் எல்லோரும் அதைக் கடை போட வேண்டும் என்று படித்தார்கள். ஜனங்கள் ரோட்டில் நடந்தார்கள்.

இனி வீம்புக்கு வருவோம்.

சுங் கெங் குவீ சீனாவிலிருந்து பிழைக்க வந்த ஹக்கா இனத்தவர். பேராக்கின் லாருட் பகுதியில் தகரச் சுரங்கம் நடத்தினார். கூடவே ஹாய் சான் என்ற ரகசியச் சங்கத்துக்குத் தலைவர். எதிர்முகாம் கீ ஹின். இந்த இரண்டு சங்கங்களும் சுரங்கத்துக்காகவும் தண்ணீருக்காகவும் 1861 முதல் விட்டுவிட்டு வெட்டிக்கொண்டன. 1874-ல் பங்கோர் உடன்படிக்கையில் ஆங்கிலேயர்கள் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் ஓய்ந்தன. அந்தச் சமாதானத்தின் சாக்கில் பேராக் மாநிலம் பிரிட்டிஷார் பிடிக்குள் போனது என்பது தனிக்கதை. ரவுடியிசத்துக்குத் தண்டனையாக சுங்குக்குக் கிடைத்தது சீனர்களின் தலைவர் என்ற 'சீனக் கப்பித்தான்' பட்டம்.

1890-ல் ரகசியச் சங்கங்களுக்குத் தடை வந்தது. கீ ஹின்னின் தலைமையகம் சர்ச் தெருவில் இருந்தது. 1893-ல் அந்த இடத்தை யார் வாங்கினார் என்று நினைக்கிறீர்கள்? சாட்சாத் சுங் கெங் குவீ. ஊரில் வேறு மனையே இல்லாத மாதிரி, ஆயுளெல்லாம் அடித்துக்கொண்ட எதிரியின் இடத்திலேயே 'ஹாய் கீ சான்' என்று தன் மாளிகையை எழுப்பினார். பக்கத்தில் குடும்பக் கோயில். கோயிலுக்குள் அவருடைய ஆளுயர வெண்கலச் சிலை. பழிவாங்கல் கதைகள் எத்தனையோ படித்திருக்கிறோம். வில்லனின் வீட்டை வாங்கி உள்ளே சிலையாக நிற்கிற கதாநாயகனைத் தமிழ் சினிமாகூட இன்னும் யோசிக்கவில்லை.

மாளிகைக்குள் போனால் கண் கூசும். பொன் பூசிய மரச்செதுக்குத் திரைகள் சீனாவிலிருந்து, வார்ப்பிரும்புத் தூண்களும் கிராதிகளும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து, தரை ஓடுகள் இங்கிலாந்திலிருந்து. நடுவில் அந்த நல்ல பழைய முற்றம். சுங்குக்கு எந்தப் பக்கமும் விட்டுக்கொடுக்க மனசில்லை. சீனன் வந்தால் சீன வேலைப்பாட்டைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும், துரை வந்தால் துரைத்தனத்தைப் பார்த்து. கட்டடக்கலை அறிஞர்கள் இந்தக் கலவையை 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்லெக்டிக்' பாணி என்று வகைப்படுத்தி நூல் எழுதுகிறார்கள். எழுதட்டும். அதன் உயிர்நாடி 'எனக்கு எல்லாமே வேண்டும்' என்பதுதான்.

லெய்த் தெருவின் நீல மாளிகைக்காரர் சியோங் ஃபாட் சி இன்னொரு ரகம். 1840-ல் சீனாவின் குவாங்டாங்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதில் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறி, வியாபாரம், வங்கி, கப்பல் என்று தொட்டதிலெல்லாம் பணம் பார்த்தார். 1892-ல் சீனாவின் யான்டாயில் இவர் தொடங்கிய சாங்யூ ஒயின் கம்பெனி இன்றும் ஓடுகிறது. பினாங்கில் சீனப் பேரரசின் துணைத் தூதர் பதவியும் வகித்தார். ஜெர்மன் கப்பல் ஒன்றில் முதல் வகுப்பு டிக்கெட் தர மறுத்தார்கள் என்பதற்காகத் தானே கப்பல் கம்பெனி ஆரம்பித்து, ஜெர்மானியருக்கு டிக்கெட் கிடையாது என்று அறிவித்தார் என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கேட்காதீர்கள், ஆளுக்குப் பொருத்தமாக இருக்கிறது.

மனைவியர் எட்டுப் பேர். பல ஊர்களில் பல வீடுகள். பினாங்கு வீடு ஏழாவது மனைவியின் ராஜ்ஜியம் என்பார்கள். 1890-களின் நடுவில் தொடங்கி 1904 வரை வேலை இழுத்தது. 38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 ஜன்னல்கள். எட்டு மனைவியர் உள்ளவருக்குப் படிக்கட்டு ஒன்று குறைகிறது என்பது என் தனிப்பட்ட கவலை.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். வேலையைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். தென் சீனத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். கூரை முகட்டில் பூவும் பறவையும் மனிதர்களும் நெருக்கியடித்து நிற்கின்றன, எல்லாம் பீங்கான் சில்லு. வண்ணக் கிண்ணங்களைப் பதமாக உடைத்து, இடுக்கியால் நறுக்கி, ஒவ்வொரு இதழாக ஒட்டிய வேலை. நம் வீட்டில் ஒரு கிண்ணம் உடைந்தால் மூன்று நாள் பேச்சு நிற்கிறது. சுவரின் நீலம் அவுரி கலந்த சுண்ணாம்பு. அந்தச் சாயம் இந்தியாவிலிருந்து போனது. சீனர்களுக்கு வெள்ளை துக்க நிறம், ஆகவே வெறும் வெள்ளையடிக்க முடியாது. சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி மெல்ல வெளியே விடும். அதனால் வெப்பமும் தணியும், சுவரும் உரியாது. மழைநீரைக்கூடச் சும்மா வெளியே விடவில்லை. கூரையிலிருந்து குழாய்கள் வழியே வீட்டைச் சுற்ற விட்டு, முற்றத்தில் இறக்கி, பிறகுதான் அனுப்பினார். தண்ணீர்தான் செல்வம், வேகமாகப் போனால் பணமும் போகும் என்பது சீன வாஸ்து. வீடு குளிர்ந்தது என்பது இனாம். நம் ஊர் வாஸ்துக்காரர் சமையலறையை இடிக்கச் சொல்வதற்கு இது எவ்வளவோ தேவலாம்.

1916-ல் அவர் இறந்தபோது ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கினார்கள். உயிலைப் பிரித்தால், கடைசி மகன் உயிரோடு இருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்றிருந்தது. கடைசி மகனோ அப்பாவின் எழுபது வயதுக்கு மேல் பிறந்தவர். அப்போது கைக்குழந்தை. அவர் நிதானமாக 1989 வரை வாழ்ந்தார். 73 வருஷம் விற்கவும் முடியாது, பராமரிக்கப் பணமும் இல்லை. அந்த 38 அறைகளும் ஒண்டுக் குடித்தனமாயின. மகன் கண்ணை மூடிய அதே வருஷம் வீடு கை மாறியது. வாங்கிய உள்ளூர்க் குழு இடிக்காமல், பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்துப் புதுப்பித்து, 2000-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருதும் வாங்கியது. 'கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்' படத்தில் மாஜாங் ஆடும் காட்சி இங்கே எடுத்ததுதான்.

அதே ஊரில் நம் நகரத்தார் என்ன செய்தார்கள்? பினாங்குத் தெருவில் கிட்டங்கி என்ற நீளக் கூடத்தில் ஆளுக்கொரு பெட்டியும் பாயும் போட்டு உட்கார்ந்து, அந்தப் பெட்டி முன்னாலேயே கணக்கெழுதி, அங்கேயே படுத்து எழுந்தார்கள். சம்பாதித்த பணத்தைச் செட்டிநாட்டில் கொண்டுபோய் மாளிகையாக எழுப்பிவிட்டு, மறுபடியும் பாய்க்கே திரும்பி வந்தார்கள். சுங் எதிரியின் கண் முன்னால் ஆடம்பரம் காட்டினார். செட்டியார் பங்காளியின் கண் முன்னால் காட்டினார். எதிரி எங்கே இருக்கிறானோ அங்கேதானே வீடு கட்ட வேண்டும்.

வீம்பு எல்லை மீறியதற்கும் உதாரணம் உண்டு. கூ என்ற சீன வம்சத்தார் தங்கள் குலமாளிகையை அரண்மனைக்குச் சவால் விடுவதுபோல் கட்டினார்கள். 1894-ல் தொடங்கிய வேலை. முடிந்த சூட்டோடு தீப்பிடித்து எரிந்தது. சக்கரவர்த்தியின் அரண்மனையைக் காப்பியடித்ததால் தெய்வம் கோபித்தது என்று முடிவு கட்டி, 1906-ல் அடக்கமாக மறுபடி கட்டினார்கள். அந்த அடக்கத்தைப் பார்க்கத்தான் இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் நிற்கிறது.

இத்தனையையும் காப்பாற்றிய தெய்வம் 1966-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரிக்குள் கட்டிய கட்டடங்களில் வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் முடியாது. வீட்டுக்காரர்கள் வெறுத்துப்போய் ஓடு மாற்றுவதைக்கூட நிறுத்தினார்கள். ஆள் போகாததால் இடிக்கவும் வழியில்லை. சட்டத்தைத் தாண்டி அரசாங்கமே களமிறங்கிய இடத்தில் என்ன ஆனது என்பதற்குக் கோம்தார் சாட்சி: பல வரிசை வீடுகளைத் துடைத்துவிட்டு எழுந்த 65 மாடிக் கோபுரம். மற்ற தெருக்களில் வீடுகள் பாசி பிடித்து, அரசமரம் முளைத்து, அப்படியே நின்றன. 2000 பிறக்கும்போது சட்டம் போனது. குடித்தனக்காரர்கள் வெளியேறினார்கள். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டதும், நேற்றுவரை சனியனாக இருந்த வீடு பொக்கிஷமானது. ஒண்டுக் குடித்தனமாக இருந்த அறையில் இப்போது ஒரு ராத்திரி தங்க, அந்தக் குடித்தனக்காரர்கள் கேட்டால் மயக்கம் போடுகிற தொகை.

காலியான வீடுகளில் சிலவற்றுக்கு வேறு வாடகைதாரர்களும் வந்திருந்தார்கள். உழவாரக் குருவிகள். எச்சிலால் அவை கட்டும் கூட்டைச் சூப்பு வைத்துக் குடிக்கச் சீனர்கள் கொட்டிக் கொடுப்பார்கள். ஆகவே ஜன்னலைச் செங்கல்லால் அடைத்து, உள்ளே ஈரமும் இருட்டும் உண்டாக்கி, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தத்தை நாளெல்லாம் ஓடவிட்டுக் குருவி பிடித்தார்கள். அட்வான்ஸ் கேட்காமல், வாடகையைக் கூடாகவே கட்டிக் கொடுத்த குடித்தனம். ஈரத்தில் சுவர் கெடுகிறது, பாரம்பரியம் போகிறது என்று அரசு 2013 முடிவுக்குள் அவற்றையும் காலி செய்யச் சொல்லிவிட்டது. லைட் காலத்திலிருந்து 2000 வரை தோற்றே அறியாத பினாங்குக் குடித்தனக்காரர் வரிசையில், தாங்களே கட்டிய வீட்டிலிருந்தும் வெளியேற்றப்பட்டவை குருவிகள் மட்டுமே.