எந்தக் கல்லூரி உசத்தி?

கேள்வி: மகள் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள். அங்கே முப்பதுக்கு மேல் கல்லூரிகளாமே, எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மாப்பிள்ளை பார்ப்பதுபோல ரொம்ப அலசாதீர்கள். விரிவுரை, தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்துடையது. எந்தக் கல்லூரியானாலும் ஒரே வினாத்தாள். கல்லூரியின் பங்கு அறை, சாப்பாடு, டுடோரியல். இந்த மூன்றாவதில்தான் சங்கதி! பேராசிரியர் எதிரே இரண்டு மூன்று பேர்தான் உட்காருவார்கள். வழக்குகளைப் படிக்காமல் போனால் ஒளிந்துகொள்ளக் கடைசி பெஞ்சு கிடையாது. மாடலின் கல்லூரியில் மான் பூங்கா உண்டு, மான் வாதாடாது. ஆல் சோல்ஸ் கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், அங்கே இளநிலை மாணவர்களே கிடையாது. குழப்பம் தீரவில்லையா? கல்லூரியைக் குறிப்பிடாமலே விண்ணப்பிக்கலாம், பல்கலைக்கழகமே ஒன்றை ஒதுக்கும். மகளை முதலில் சட்டப் படிப்புக்கான எல்நாட் நுழைவுத்தேர்வுக்குத் தயாராகச் சொல்லுங்கள். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அக்டோபர் 15.