பல்லடம் தாண்டிட்டாங்க

“ஏறிட்டாங்கண்ணா. பல்லடம் தாண்டிட்டாங்க.”

வீட்டில் ஒருவர் படுக்கையில் விழுந்ததும் ஆள் அனுப்பும் இந்த ஏஜெண்டின் நம்பர் தானாக நம்மிடம் வந்து சேரும். ஆஸ்பத்திரி லிப்டில் பக்கத்தில் நின்றவர் கொடுப்பார், மருந்துக்கடைக்காரர் கொடுப்பார், போன வருஷம் இவரிடம் பட்டுத் தெளிந்த பெரியம்மாவே கொடுப்பார். “வீட்டோட தங்கற ஆளுங்களா? ஒரு போன் போடுங்க, காலைல ஆள் நிக்கும்.” வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன், கையில் மூன்றாவது. எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பார். அதுதான் இவரிடம் உள்ள ஆபத்து.

‘ஆள் இல்லை’ என்ற சொல் இவர் வாயில் வராது. ஆள் இல்லாதபோது ஆள் பஸ்ஸில் இருக்கிறார், அவ்வளவுதான்.

அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பில் பிளேட் வைத்து, வீட்டுக்கு வந்த நாளில் ஆரம்பித்தது இது. மூன்று மாதத்தில் நான் கோவையின் அத்தனை பஸ் ஸ்டாண்டுக்கும் டைம்கீப்பர் ஆகிவிட்டேன். தேனி, திண்டுக்கல் பக்கத்து ஆள் என்றால் சிங்காநல்லூர். பொள்ளாச்சி, பழனி என்றால் உக்கடம். ஈரோடு, சத்தி என்றால் காந்திபுரம். ஊட்டிப் பக்கம் என்றால் மேட்டுப்பாளையம் ரோடு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், பை வைத்திருக்கிற பெண்களையெல்லாம் உற்றுப் பார்த்தபடி நிற்பேன். அந்த மாதிரி நிற்கிற ஆம்பளையை ஊர் எப்படிப் பார்க்கும் என்பதை இவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

எந்தத் திசையிலிருந்து கிளம்பினாலும் ஆள் பல்லடம் தாண்டித்தான் வரவேண்டும் என்பது இவர் வகுத்த பூகோளம். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“ஏனுங்க, பொள்ளாச்சிக்காரம்மான்னுதானுங்க சொன்னீங்க? பொள்ளாச்சி பஸ் கிணத்துக்கடவு வழியா வருமா, பல்லடம் வழியா வருமா?”

ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “பல்லடத்துல அவங்களுக்கு ஒறம்பரை வூடுங்கண்ணா. ஒரெட்டு எட்டிப் பாத்துட்டு வர்றாங்க.”

பல்லடத்துக் கறிக்கோழி ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளா போய்ச் சேர்ந்து, காலையில் குழம்பாகியும் விடுகிறது. ஒரு அம்மாளால் மட்டும் காரணம்பேட்டை, சூலூர் தாண்டி சிங்காநல்லூர் வர முடியவில்லை. படுத்தபடியே அம்மா கேட்டாள்: “அவ என்னடா, பல்லடத்துலயே எடம் வாங்கி வூடு கட்டிட்டாளா?”

வந்தவர்களும் உண்டு. ஒருவர் நான்கு நாள் இருந்தார். ஊர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுவிட்டார்களாம், நோம்பி முடியாமல் வெளியூரில் ராத்தங்கக் கூடாதாம். நியாயம்தான். நானும் இந்த ஊர்க்காரன், கம்பத்தை மீறச் சொல்வேனா? நோம்பி முடிந்தது. கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டிருப்பார்கள். அந்த அம்மா வரவில்லை. கேட்டால் “ஏறிட்டாங்கண்ணா.”

இன்னொருவர் அம்மாவைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். “நடக்கிற அம்மா, சும்மா பேச்சுத் துணைக்குன்னுல்ல சொன்னாரு?” எங்களிடம் இவர், “ஐசியூல வேலை பார்த்த கை” என்று சொல்லியிருந்தார். அந்தக் கை அதுவரை பார்த்தது தோட்டத்து வேலை.

இங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்களிடம் ஒரு மாசச் சம்பளம் கமிஷன். அவர்களிடமும் முதல் மாசத்தில் ஒரு பங்கு பிடித்தம். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பொய் சொல்லி, வாசல்படியில் எங்களை ஒருவர்மேல் ஒருவர் கோபப்பட வைத்துவிட்டு, இவர் அடுத்த போனை எடுக்கிறார். “இருபத்துநாலு மணி நேரமும் இருப்பாங்கண்ணா, லீவே கேக்க மாட்டாங்க” என்பதைச் சோப்பு விளம்பரம் மாதிரி சொல்கிறார். வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-லேயே உடன்படிக்கை போட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. தமிழக அரசு 2018-ல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தபோது மணிக்கு 37 ரூபாயில் ஆரம்பித்தது. இதையெல்லாம் இவரிடம் சொன்னால், “அது கெவருமெண்ட் கணக்குங்கண்ணா” என்கிறார்.

அந்தக் கணக்கை நான் ஒருநாள் போட்டுப் பார்த்தேன். இருபத்துநாலு மணிக்கு 888 ரூபாய், முப்பது நாளைக்கு 26,640. தூங்குகிற நேரத்தைக் கழிக்கலாமே என்று தோன்றியது. அம்மா ராத்திரியில் எத்தனை தடவை கூப்பிடுவாள் என்பது நினைவுக்கு வர, காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன். நான் கொடுத்துக்கொண்டிருந்தது அந்தத் தொகைக்கு ரொம்பக் கீழே. இவரை மட்டும் திட்டிக்கொண்டிருப்பது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

கடைசியில் நிஜமாகவே ஒருவர் பல்லடம் தாண்டி வந்தார். வத்தலக்குண்டுக்காரர். ஆறு மாதம் இருந்தார். அம்மாவை வாக்கரில் நிற்க வைத்ததும், வாசல் வரை நடத்திக் காட்டியதும் அவர்தான். அம்மா அவரைத் திட்ட ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அதற்குப் பிரியம் என்று பேர்.

போன வாரம் அவருக்கு ஒரு போன் வந்தது. ஊரில் அவருடைய அம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டாராம். இடுப்பு. தம்பி திருப்பூர் பனியன் கம்பெனியில், தங்கை கட்டிக்கொடுத்த ஊரில்.

“ஒடனே கெளம்பலையாம்மா?”

“நீங்க தனியா என்ன செய்வீகண்ணே? அவருகிட்டச் சொல்லிட்டேன். ஊர்ல எங்கம்மாவப் பாத்துக்க ஒரு ஆள் அனுப்பிட்டாராம். செம்பட்டி தாண்டிருச்சாம்.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி, ஸ்கூட்டரில் சிங்காநல்லூரில் கொண்டுபோய் விட்டேன். பஸ் கிளம்பிப் போனபின் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

“போச்சாது விடுங்கண்ணா. மாத்து ஆள் ஏறிட்டாங்க.”

எங்கே என்று நான் கேட்கவில்லை.