பாவு ஏறிய பின் பச்சை கேட்டால்?

கே: சாஃப்ட்வேர் உருவாக்கத்தில் 'வாட்டர்ஃபால்' மாடலைக் கண்டுபிடித்த மகான் யார்? (பொறியியல் மாணவி, குமாரபாளையம்)

ப: வின்ஸ்டன் ராய்ஸைக் கைகாட்டுவார்கள். தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று இறங்கும் படிக்கட்டை 1970-இல் ஒரு கட்டுரையில் படம் போட்டவர் அவர்தான். இப்படியே செய்தால் தோல்விதான் என்று அதே கட்டுரையில் எச்சரித்தவரும் அவர்தான். சோதனை கடைசியில் வருவதால், தப்பு தெரியும்போது வடிவமைப்பையே கலைக்க வேண்டிவரும் என்பது அவர் கவலை. உலகம் படத்தை மட்டும் பார்த்தது.

கே: பட்டறைக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்யச் சொன்னேன். எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கேட்கிறார்கள். தரணுமா? (விசைத்தறி உரிமையாளர், குமாரபாளையம்)

ப: லுங்கிக்குப் பாவு (நீளவாட்டு நூல்) தறியில் ஏறிய பிறகு வியாபாரி பச்சைக் கோடு கேட்டால் என்ன செய்வீர்கள்? அந்தப் பாவு ஓடித் தீர வேண்டும். ஊடை (குறுக்கு நூல்) என்றால் அந்த நூல் சுற்றிய தாரை மாற்றினால் போதும். சாஃப்ட்வேரிலும் அப்படித்தான்: நூல் இருப்பு மூட்டைக் கணக்கா கிலோவா, கூலி மீட்டருக்கா பீசுக்கா என்பதெல்லாம் பாவு. இன்றே எழுதிக் கொடுங்கள். திரையில் எந்தப் பட்டன் எங்கே என்பது ஊடை. பார்த்துப் பார்த்து மாற்றலாம்.

கே: அஜைல் முறை என்றால் திட்டமே வேண்டாமாமே? (ஐ.டி. ஊழியர், பெங்களூரு)

ப: 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கைதான் அஜைலுக்கு அடிப்படை. திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாற்றத்துக்கு இசைவது மேல் என்றார்கள். திட்டத்துக்கும் மதிப்புண்டு என்று சேர்த்தே சொன்னார்கள். திட்டமில்லாத வேலைக்குப் பெயர் அஜைல் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ்.

கே: செய்து முடித்த சாஃப்ட்வேரை உடனே தராமல் ஏன் இழுக்கிறார்கள்? (ஜவுளி வியாபாரி, பள்ளிபாளையம்)

ப: சரக்கு அனுப்ப இணையத்தில் இ-வே பில் போடுகிறவர் கேட்கிற கேள்வியா இது! 2018 ஜனவரியில் சோதனை ஓட்டம் நடந்தது. பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்கக் கட்டாயம் என்றதும் அன்றைக்கே தளம் படுத்துக்கொண்டது, உத்தரவு தள்ளிப்போனது. மறுபடி ஏப்ரல் 1-இல் வெளிமாநிலச் சரக்கில் தொடங்கினார்கள். உள்மாநிலச் சரக்குக்கு மாநிலங்கள் அணி அணியாகச் சேர்ந்தன. தமிழ்நாட்டின் முறை ஜூன் 2. சோதனையில் தாங்குவது வேறு, சந்தை நாளில் தாங்குவது வேறு.

கே: பாடத்தில் வரும் சாஃப்ட்வேர் உருவாக்கத்தின் ஆறு கட்டங்களில் எதை முக்கியமாகப் படிக்கட்டும்? (அதே மாணவி)

ப: கடைசியாக ஒற்றை வரியில் நிற்கிறதே, பராமரிப்பு. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது 'வேலை முடிந்தது' என்று விற்ற பில்லிங் சாஃப்ட்வேரெல்லாம் மறுபடி மேஜைக்கு வந்தன. பரீட்சையில் பராமரிப்புக்கு ஒரு மார்க். வேலையில் சம்பளமே அதற்குத்தான்.