குடும்பக் குழுவின் பாதுகாப்பு மந்திரி

எச்சரிக்கை மாமா இல்லாத குடும்ப வாட்ஸ்அப் குழு கிடையாது. பெரும்பாலும் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவராக இருப்பார். ‘மார்ட்டினெல்லி என்று ஒரு வீடியோ வரும். திறந்தால் பத்தே விநாடியில் போன் ஹேக் ஆகிவிடும். அனைவருக்கும் பகிரவும்’ என்று காலை ஐந்தரை மணிக்கே குழுவை எழுப்புவார். அப்படி ஒரு வீடியோவே கிடையாது. 2017இல் ஸ்பானிய மொழியில் உலவிய புரளி அது. நாடு நாடாகச் சுற்றி மாமாவின் கைக்கு வந்தது. அவர் இன்னும் அதை விட்டபாடில்லை.

இல்லாத வீடியோவுக்கு இத்தனை பயப்படுகிற மாமா, இருக்கிற ஆபத்து எதற்கும் அசைந்து கொடுக்கமாட்டார்.

லேப்டாப் கேமராவின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருப்பார். அதே லேப்டாப் ‘அப்டேட் செய்யட்டுமா?’ என்று கேட்டால், ‘பிறகு’ என்று அமுக்கிவிடுவார். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், உலகமெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது. இடையில் இருந்த இரண்டு மாதமும் ‘பிறகு’ என்றவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். இதைத் தங்கை மகன் எடுத்துச் சொன்னால், மாமாவிடம் பதில் தயார்: “நல்லா ஓடுற வண்டிய எதுக்கு மாப்ளே ஒர்க்‌ஷாப்ல விடணும்?”

பாஸ்வேர்ட் விஷயத்தில் மாமா சிக்கனக்காரர். மூத்த மகன் பெயர், அவன் பிறந்த வருடம், வங்கி பிடிவாதம் பிடித்ததால் நடுவில் ஒரு நட்சத்திரக் குறி. கரண்ட் பில், ரயில் டிக்கெட், ஜிமெயில், வங்கி, பெண்ணுக்கு வரன் பார்க்கும் தளம் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றுதான். எங்கோ ஒரு தளத்தில் திருட்டுப்போன மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் மற்ற தளங்களில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது மோசடிக்காரர்களின் அன்றாட வேலை. அதற்குக்கூட அவர்கள் கை வலிக்கத் தட்டுவதில்லை, புரோகிராம் பார்த்துக்கொள்ளும்.

இத்தனைக்கும் அந்த ஒற்றைப் பாஸ்வேர்டை வங்கி கொடுத்த டைரியில் தலைகீழாக எழுதி, பீரோவில் அத்தையின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருப்பார். வீட்டில் எல்லாரும் கேலி செய்வது இந்த டைரியைத்தான். மாமா செய்த உருப்படியான காரியமும் அதுதான். கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் ஹேக்கருக்கு அந்த பீரோ எட்டாது. பீரோ வரை வந்துவிட்ட திருடன், நகையை விட்டுவிட்டு டைரி படித்துக்கொண்டிருக்கமாட்டான். தளத்துக்கு ஒன்றாகப் பாஸ்வேர்ட் வைத்து, அத்தனையையும் அதே டைரியில் எழுதினால் போதும்.

வைஃபை பாஸ்வேர்ட் அவருடைய செல்போன் நம்பர். கேபிள்காரரிலிருந்து மாடிவீட்டுப் பையன்வரை தெரியாதவர் இல்லை. ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் போக, வாங்கியபோது இருந்த ‘அட்மின்’, ‘அட்மின்’தான் இன்றைக்கும். 2016இல் மிராய் என்ற நிரல் இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்தே வீட்டு ரவுட்டர்களிலும் கேமராக்களிலும் புகுந்து ஒரு படை திரட்டியது. அந்த அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடுமாறியதற்கு அந்தப் படைதான் காரணம். தன் வீட்டு ரவுட்டருக்கும் அதில் சேரத் தகுதி உண்டு என்று கேட்டபோது மாமாவின் முகத்தில் லேசான பெருமிதம் தெரிந்தது.

மாமாவை மிரட்டி வீழ்த்துவது கஷ்டம். மரியாதையால் எளிதில் வீழ்த்தலாம். தெரியாத எண்ணிலிருந்து ‘கல்யாணப் பத்திரிகை’ என்று ஒரு கோப்பு வந்தது. பெயரின் கடைசியில் ஏபிகே, அதாவது பத்திரிகை அல்ல, ஆப். இன்ஸ்டால் செய்வது ஆபத்து என்று போனே தடுத்தது. நாளைக்கு மண்டபத்தில் எதிரே பார்த்தால் என்ன பதில் சொல்வது? மாமா அனுமதி கொடுத்தார். எஸ்எம்எஸ்களைப் படிக்கலாமா என்றது. பத்திரிகைக்கு எதற்கு எஸ்எம்எஸ் என்று யோசிக்காமல் அதற்கும் சரி என்றார். ஓடிபி வந்து விழுவது அங்கேதான்.

நல்லவேளை, அந்த நேரம் பார்த்துத் தங்கை மகன் வந்து சேர்ந்தான். முதலில் நெட்டை அணைத்தான். ஆப்பை நீக்கினான். வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்திவைத்தான். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும், தாமதமாக ஆக மீட்பது கடினம் என்றான். “ஒருத்தர் பணம் அனுப்பி அதை நாம வாங்க யுபிஐ பின் வேண்டாம் மாமா. பின் கேட்டாலே நம்ம பணம் வெளியே போகுதுன்னு அர்த்தம். போலீஸ்னு சொல்லி வீடியோ கால்ல ‘டிஜிட்டல் அரெஸ்ட்’னு மிரட்டுனா வச்சிடுங்க. சட்டத்துல அப்படி ஒண்ணு இல்ல.” கடைசியாக வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு, ஆறு இலக்கப் பின் வைத்துக் கொடுத்தான். “இத யார் கேட்டாலும் சொல்லாதீங்க.”

மாமா தலையாட்டினார். சில நாள் கழித்து, பின் மறந்துவிடக் கூடாது என்பதற்காக வாட்ஸ்அப் வழக்கமாகக் கேட்பதுபோல் ஒரு முறை கேட்டது. அத்தையின் போனிலிருந்து அவசரமாக அழைப்பு வந்தது.

“மாப்ளே, வாட்ஸ்அப்னு சொல்லிக்கிட்டு ஒருத்தன் வந்து பின் கேக்குறான். நான் ஏமாறுவனா? போனையே ஆஃப் பண்ணி பீரோவுல வச்சிட்டேன்!”