தலையை வெட்டிப் பையில போடு, தம்பி

ஏலே தம்பி, நீ அனுப்புன போட்டோவப் பாத்தேன். மான் செத்துக் கெடக்கு. பக்கத்துல நீ பல்லெல்லாம் தெரிய உக்காந்திருக்கே. உடம்பு முழுக்க ரோஸ் கலரு. வேட்டைக்காரன்னா ஆரஞ்சுதானேடே போடுவான்னு கேட்டா, "2016-லயே விஸ்கான்சின்ல ரோஸுக்கும் சட்டம் வந்தாச்சு தாத்தா, அமெரிக்காவுலயே நாங்கதான் முதல்"னு பெருமை பேசுதே. சரிதான். சட்டத்தையெல்லாம் கரைச்சுக் குடிச்ச புள்ளதான்.

உன் சாமான் செட்டையும் பாத்தேன். மரத்து மேல ஏறி உக்கார ஒரு கூண்டு. கூண்டுக்குள்ள குளிராம இருக்க ஹீட்டரு. மான் எத்தனை கெஜத்துல நிக்குன்னு அளந்து சொல்ல ஒரு மிசினு. நாலு மரத்துல கேமரா, அது ராத்திரியோட ராத்திரியா போனுக்குப் படம் அனுப்பும். உன் வாடை மானுக்கு எட்டக் கூடாதுன்னு தனியா ஒரு சோப்பு. அதுக்கும் மேல, பொட்டை மானோட மூத்திரம். குப்பியில அடைச்சு, சீட்டு ஒட்டி, கடையில காசு குடுத்து வாங்கினது. நான் ஆடு மாட்டுக்கு நடுவுல பொறந்து வளந்தவன்டே. மூத்திரத்த வாரிக் கொட்டியிருக்கேன். விலைக்கு வாங்கினவனை இந்த வயசுலதான் பாக்கேன். அந்தக் குப்பியையே சில மாநிலத்துல தடை பண்ணிட்டாக, தெரியுமா? மானை இளைக்க வச்சுக் கொல்லுற ஒரு நோய் மூத்திரத்துலயும் எச்சில்லயும் சாணியிலயும் இறங்குதாம்.

இம்புட்டும் வாங்கினவன்கிட்ட நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "மானை டெஸ்டுக்குக் குடுத்தியாடே?" மூஞ்சியச் சுளிச்சே பாரு! "அது பெரிய தொல்லை தாத்தா." ஆனையை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதானாம். அங்குசமாவது காசு. இது ஓசிடே, ஓசி!

அப்படி என்ன தொல்லை, சொல்லு பாப்போம். கழுத்து மூணு நாலு அங்குலம் சேந்தாப்பில தலையை அறுக்கணும். கொம்பு வேணும்னா கழட்டி வச்சுக்கோ, உன் ஹால் சுவத்துக்கு ஒரு குறையும் வராது. தலையைப் பையில போட்டுக் கட்டணும். சீட்டுல பேரு, லைசென்ஸ் வெவரம், எந்த இடத்துல சுட்டேங்கிறது, இம்புட்டும் எழுதணும். இயற்கை வளத் துறைக்காரன் அங்கங்க பெட்டி வச்சிருக்கான், அதுல போட்டுட்டு வரணும். யாரும் உன்னய நிக்க வச்சுக் கேள்வி கேக்கப் போறதில்ல. நமக்குக் காய்ச்சல் வந்தா கழுத்துல நெறி கட்டுமே, அந்த மாதிரி முடிச்சு மானுக்குத் தொண்டைக்குப் பின்னால இருக்கு. அதை வெட்டியெடுத்துத்தான் பாக்காக. மூளைத் தண்டுலயும் பாப்பாக. தொடைக் கறியக் கொண்டு போயி நீட்டாத. கறியில பாக்க அவுககிட்ட வழியில்ல.

"மான் கொழுகொழுன்னு இருந்துச்சு தாத்தா, பாஞ்சு ஓடுச்சு"ங்கே. ஓடாம என்ன செய்யும்? இந்த நோய் உள்ள போயி ஒண்ணரை வருசம், ரெண்டு வருசம் வரைக்கும் வெளிய ஒண்ணுமே காட்டாது. கடைசியிலதான் எலும்பு தள்ளும், எச்சி ஒழுகும், காது தொங்கும், கால் பின்னும், ஆளைக் கண்டாக்கூட ஓடத் தோணாது. அந்தக் கதிக்கு வந்ததை ஓநாய் அடிச்சிரும், இல்லன்னா கார் அடிச்சிரும். உன் குண்டுக்கு வந்து மாட்டுறது நல்லா ஓடுறதுதான். ஆட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாத்தே வயசு சொன்னவன் நான். எனக்கே இது தெரியாது. நேத்து துப்பாக்கி பிடிச்ச உனக்குத் தெரிஞ்சிருமா?

நோய் எதுன்னாவது தெரியுமாடே? 1967-ல கொலராடோவுல, ஃபோர்ட் காலின்ஸ்ங்கிற ஊர்ல, ஆராய்ச்சிக்குன்னு அடைச்சு வச்சிருந்த மானுகதான் முதல்ல இளைச்சு இளைச்சுச் செத்துச்சு. தீனி சேரலையோ, அடைச்சு வச்ச ஏக்கமோன்னு நெனைச்சாக. பத்துப் பன்னெண்டு வருசம் கழிச்சு மூளையை அறுத்துப் பாத்தா உள்ள ஓட்டை ஓட்டையாக் கெடக்கு. கிருமி கிடையாது. பிரியான்னு ஒரு புரதம். உடம்புல இருக்குற புரதம்தான், மடிப்பு மாறிப் போச்சு. அது தொட்டதையெல்லாம் தன்னைப் போல மாத்திரும். உசுரு இருந்தாத்தானே சாகடிக்கலாம்? கொழம்புல எம்புட்டு நேரம் கொதிச்சாலும் போகாது. ஃப்ரீசர்ல வச்சாலும் போகாது. மண்ணுல விழுந்தா வருசக்கணக்காக் கெடக்கும். உங்க மஞ்சள், மிளகு, இஞ்சிப் பூண்டு எல்லாத்துக்கும் அது பெப்பே காட்டிரும்.

பத்திரிகைக்காரன் இதுக்கு வச்ச பேரு ஜாம்பி மான். நல்லாத்தான் வச்சான். அதைப் படிச்சுட்டு உன் ஆபீஸ்ல ஒரு பொண்ணு பூங்காவுல நடக்கவே பயப்படுதாமே? மான் என்ன, வந்து கடிக்கவா போகுது? பயப்படுறவுக ஒரு பக்கம் இப்படிப் பயப்படுதாக. சுடுறவுக ஒரு பக்கம் இப்படித் தைரியமா இருக்காக. ரெண்டு பேரும் தலையைப் பையில போடுறதில்ல.

மக வீடு இருக்குற இந்த மவுண்ட் ஹோரப் பக்கந்தான் விஸ்கான்சின்ல முதல்ல அகப்பட்டது. 2001 நவம்பர்ல சுட்ட மூணு மான். 2002 பிப்ரவரியில முடிவு வந்துச்சு. அன்னைக்கு இவுக ஆடுன ஆட்டத்தை இங்க உள்ள பெருசுக இன்னும் சொல்லிச் சிரிப்பாக. சுத்துவட்டாரத்துல ஒரு மான் மிச்சம் வைக்காமச் சுட்டுத் தள்ளணும்னு அரசாங்கம் கிளம்பிருச்சு. அந்த வருசம் மட்டும் 40 ஆயிரத்துக்கும் மேல மானை டெஸ்ட் பண்ணுனாக. குப்பைக் கிடங்குக்காரன் மான் சடலத்தை உள்ள விட மாட்டேன்னுட்டான். முதல்ல கொம்பில்லாத மானைச் சுட்டாத்தான் கொம்புக் கிடாவைச் சுடலாம்னு ஒரு சட்டம் வேற. வேட்டைக்காரனுக்கு வந்த கோவம் இருக்கே! ஒண்ணுக்குப் பத்தா வாக்குவாதம் நடந்து, 2011-ல அந்தச் சட்டத்தையே தூக்கிட்டாக.

இப்ப பாரு வேடிக்கைய. மூணு மானுக்கு அம்புட்டு நடுங்கினவுக, இன்னைக்கு அயோவா கவுண்டிப் பக்கம் வளந்த கிடாவுல மூணுல ஒண்ணுக்கும் மேல நோய்னு சொன்னா கொட்டாவி விடுதாக. வருசத்துக்கு ஏறத்தாழ 3 லட்சம் மான் விழுது. டெஸ்டுக்கு வர்றது 20 ஆயிரத்துக்கும் கம்மி. நோய் கொஞ்சமா இருந்தப்ப பயம் நெறைய. நோய் நெறைஞ்சப்ப பயம் பழகிப் போச்சு. இதை எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சாகன்னு கேளு.

பக்கத்து வீட்டுக்காரர் கராஜுல மானைத் தொங்க விட்டுட்டு, பியரும் கையுமா என்னய உக்கார வச்சுப் பேசுவாரு. நல்ல மனுசன். "நாப்பது வருசமாத் தின்னுதேன், எனக்கு என்ன ஆச்சு?"ம்பாரு. ஐயா, நோய் இங்க தட்டுப்பட்டதே 2002-ல. உம்ம நாப்பதுல முன் பாதி கணக்குலயே வராதே? அப்புறம், பப்புவா நியூ கினியில ஃபோரேன்னு ஒரு சனம் இருக்கு. செத்த சொந்தக்காரங்களைத் தின்னுற சடங்கு முன்ன அவுககிட்ட இருந்துச்சு. அதுல குருன்னு இதே வகையறா நோய் வந்துச்சு. சடங்கை விட்டதுக்கப்புறமும், 40 வருசம் கழிச்சுச் சிலருக்கு அந்த நோய் எழும்பியிருக்கு. நாப்பது வருசத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டா அது எந்தப் பக்கம் சாட்சி சொல்லும்னு யாரு கண்டா?

இன்னொருத்தன் இருக்கான். "டெஸ்ட் பண்ணி நோய்னு வந்தா அரசாங்கம் துப்பாக்கியோட நம்ம காட்டுக்கு வந்துரும்"ங்கான். 2002-ஐ நெனைச்சா அவன் பயத்துலயும் பாதி ஞாயம் இருக்கு, இல்லைங்கல. அரசாங்கத்து மேல கோவம்னா ஓட்டுல காட்டு. கொழம்புல ஏன்டே காட்டுதே?

"மனுசனுக்கு வந்ததா ஒரு கேஸ் கூட இல்ல தாத்தா"ன்னு நீயும் சொல்லுதே. உண்மைதான். இன்னைக்கு வரைக்கும் ஒரு கேஸ் இல்ல. குரங்குக்கு ஊட்டிக்கூடப் பாத்துட்டாக. ஒட்டிக்கிச்சுன்னு 2017-ல ஒரு கூட்டம் சொல்லிச்சு. 13 வருசம் வரைக்கும் வச்சுப் பாத்தோம், ஒட்டலன்னு அமெரிக்க அரசாங்க ஆய்வகம் 2018-ல சொல்லிச்சு. குரங்குகளே இன்னும் ஒத்துப் போகல, நீ அதுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டே. டெஸ்ட்ல நோய்னு வந்த கறியைத் தின்னாதேன்னுதான் அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.காரனே சொல்லுதான்.

ஒரு கதை சொல்லுதேன். கதையில்ல, நடந்தது. இங்கிலாந்துல 1986-ல மாட்டுக்கு இதே வகைக் கிறுக்கு நோய் வந்துச்சு. ஆட்டுக்கு இப்படி ஒரு நோய் 200 வருசத்துக்கு மேலா இருக்கு, அதைத் தின்ன மனுசனுக்கு ஒண்ணும் ஆகல, மாட்டுலயும் ஒண்ணும் ஆகாதுன்னு பெரிய பெரிய படிப்பாளிகள்லாம் நம்புனாக. உன்னய மாதிரியே "ஒரு கேஸ் இல்ல"ன்னுதான் சொன்னாக. 1990-ல ஜான் கம்மர்னு வேளாண் அமைச்சர். கேமராக்காரனையெல்லாம் கூப்பிட்டு வச்சுக்கிட்டு, தன் சின்ன மக வாய்கிட்ட மாட்டுக்கறி பர்கரை நீட்டினாரு. அந்தப் புள்ள அதை ஒழுங்காக் கடிக்கக்கூட இல்ல. நாடு பயப்படாம இருக்கணும்னு அப்படியொரு வித்தை. 1996 மார்ச்சுல அதே அரசாங்கம் எந்திரிச்சு நின்னு, மாட்டுல இருந்து மனுசனுக்கு வந்திருக்கலாம்னு சொல்லிச்சு. அந்த நாட்டுல மட்டும் 170 பேருக்கு மேல செத்தாக. மந்திரி மகளுக்கு ஒண்ணும் ஆகல, அதுமட்டும் நல்ல காலம்.

மான்லயும் அப்படி ஆகும்னு நான் சொல்லுதனா? சொல்லலையே. ஆகாமலேகூடப் போகலாம், ஆட்டு நோய் ஆட்டோடயே நின்ன மாதிரி. நான் கேக்கறது வேற. அந்தப் பர்கரை யாரு தின்னா? மந்திரி தின்னது சரி, வெவரம் தெரிஞ்ச மனுசன், அவரு பாடு. அந்தப் பச்சப்புள்ளகிட்ட யாராவது கேட்டாகளா?

இப்ப உன் விசயத்துக்கு வா. நீ சிங்கம்டே, துணிஞ்ச கட்டை, நோய்க்கும் பயப்பட மாட்டே. தின்னுட்டுப் போ. ஆனா ஒரு மான்ல எம்புட்டுக் கறி இருக்கு? நீ ஒருத்தனா தின்னப் போறே? உன் பொஞ்சாதிக்குப் பாதி. ஆபீஸ்காரனுக்கு ஜெர்க்கி. எதிர் வீட்டுக்காரிக்கு சாசேஜ். அந்த சாசேஜ் போடுற கடையில என்ன நடக்கும் தெரியுமா? நாலு பேரு மானையும் ஒண்ணா அரைச்சுப் பிரிச்சுக் குடுக்கிறவனும் இருக்கான். நீ டெஸ்ட் பண்ணி வச்ச மானு, டெஸ்ட் பண்ணாதவன் மானோட ஒரே குடல்ல போயி உக்காந்துக்கிடும். "என் மானைத் தனியா அரைச்சுக் குடு"ன்னு வாய் திறந்து கேக்கணும். ஹீட்டரு வாங்கையில ஆறு கடை ஏறி இறங்கினியே, இங்க ஒரு வார்த்தை கேக்கக் கூச்சமா?

முடிவு "தட்டுப்படலை"ன்னு வந்தா ஊரைக் கூட்டி விருந்து வைக்கிறவனும் இருக்கான். சீட்டை ஃப்ரேம் போட்டு மாட்டாத குறைதான். தட்டுப்படலைன்னா தட்டுப்படலை, அம்புட்டுத்தான். நோய் நேத்துத்தான் உள்ள போயிருந்தா டெஸ்ட்ல தெரியாமலும் போகலாம். இருந்தாலும் கண்ணை மூடிட்டுத் தின்னுறதுக்கு ஒரு கண்ணாவது திறந்திருக்கது மேலு.

முடிவு வர நாளாகுதுன்னு குறைப்படாத. நவம்பர்ல ஒம்பது நாள் சீசன். எல்லாத் தலையும் ஒரே வாரத்துல வந்து குமியுது. ஆய்வகத்துல இருக்கறவனும் மனுசன்தானே? பத்து நாள், ரெண்டு வாரம் ஆகத்தான் செய்யும். அதுவரைக்கும் கறியைத் தனியாக் கட்டி, தேதி எழுதி ஃப்ரீசர்ல வை. யாருக்கும் பங்கு போடாத. வெட்டும்போது கையுறை போடு. தண்டுவடத்தை ரம்பத்தால அறுக்காத. கத்தியைக் கழுவிட்டு, வீட்டு ப்ளீச்சுல ரெண்டு பங்குக்கு மூணு பங்கு தண்ணி சேத்து அஞ்சு நிமிசம் ஊறப் போடு. கத்தியில ஒட்டுன பிரியானுக்கு அது போதும்னு 2019-ல கண்டுபிடிச்சிருக்காக. கறிக்கு அந்த வைத்தியம் கிடையாது, சொல்லிட்டேன். நீ செஞ்சாலும் செய்வே.

எலும்பும் குடலும் எங்கடே? காட்டுலயே வீசிட்டேன்னு சொல்லாத. அதுக்குன்னு தனியாக் குப்பைத் தொட்டி வச்சிருக்காக, வண்டியில ஏத்திக் கொண்டு போயி அங்க போடு. உன் ரோஸ் சட்டையில கறை படும்னா, என் பழைய லுங்கி ஒண்ணு கெடக்கு, கட்டிக்கோ. தலையை முதல்ல எடு. முடிவு வந்ததும் எனக்குப் போன் பண்ணு. இல்லைன்னு வந்தா முன்னந்தொடை எனக்கு, உங்க அத்தைகிட்ட மிளகு வறுத்து வைக்கச் சொல்லுதேன். இருக்குன்னு வந்தா, அப்பவும் போன் பண்ணு. சாசேஜ் கேட்ட எதிர் வீட்டுக்காரிக்கு என்ன பதில் சொல்லணும்னு நான் சொல்லித் தாரேன்.