ஞாயிற்றுக்கிழமை வள்ளல்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு பட்டியலை மூடிவிட்டார்கள் நம் முன்னோர். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். எட்டாமவர் இதோ, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏசி பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறார். மார்பில் நிறுவனத்தின் சின்னம் பொறித்த டி-ஷர்ட், கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலூன் பாக்கெட். துரைப்பாக்கத்தில் திரும்பினால் கண்ணகி நகர். அங்குள்ள பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கப் போகிறார். காலை பத்தரைக்குத் தொடங்கினால் பிரியாணிப் பொட்டலம் வருவதற்குள் கொடுத்து முடித்துவிடுவார்.

பாரி முல்லைக்குத் தேரைக் கொடுத்தான். மறுநாள் போய் அதற்குத் தண்ணீர் ஊற்றினானா என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது கொடைக்கு அழகல்ல. நாமும் கேட்கப்போவதில்லை. இந்த மடல் முழுக்க முழுக்கப் பாராட்டுக்காகவே எழுதப்படுகிறது.

முதல் பாராட்டு, கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு. கல்வி கொடுக்க ஞாயிற்றுக்கிழமையை விடப் பொருத்தமான நாள் கிடையாது. பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், குறுக்கே வந்து தொல்லை கொடுக்க ஆசிரியர் இருக்க மாட்டார். அவர் இருந்துவிட்டால், “இந்தப் பையனுக்கு எழுத்து கூட்டத் தெரியும், வாசிக்கத் தெரியாது, அந்தப் பெண்ணுக்குக் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாது” என்று ஏதாவது சொல்லிவைப்பார். அதைக் கேட்டபின் பலூன் ஊதுவதில் மனம் செல்லாது. விடுமுறை நாளில் வீட்டில் கிடந்த பிள்ளைகளைப் பிஸ்கட் காட்டித் திரட்டி, வயதுவாரியாகக் கூடப் பிரிக்காமல், ஒன்றாம் வகுப்பையும் ஒன்பதாம் வகுப்பையும் ஒரே பாயில் உட்காரவைத்து ஒரே பாடத்தை நடத்தினீர்களே, அந்தச் சமத்துவ உணர்வை எந்தக் கல்வியியல் கல்லூரியில் கற்றுத்தருகிறார்கள்?

அடுத்தது பாடத்திட்டம். இதில் உங்களுக்குள் இருக்கும் ஒற்றுமை வியப்பூட்டுகிறது. எந்த நிறுவனம் வந்தாலும், எந்தக் கல்லூரி வந்தாலும், முதல் பாடத்திலிருந்தே தொடங்குகிறீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவுவது எப்படி, யானைப் படத்துக்கு வண்ணம் தீட்டுவது எப்படி, பெரியவனானால் என்ன ஆகப்போகிறாய். இரண்டாம் பாடம் என்று ஒன்று எழுதப்படவே இல்லை. அதை நடத்த இரண்டாம் முறை வர வேண்டியிருக்கும். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. “கலெக்டர் ஆவேன்” என்றால் கைதட்டல் கிடைக்கும், “மெக்கானிக் ஆவேன்” என்றால் கிடைக்காது என்பதை வெகு சீக்கிரம் கண்டுகொண்டார்கள். வந்த விருந்தாளிக்கு எது பிடிக்கும் என்று முகம் பார்த்துப் பேசும் வித்தையை ஏழு வயதிலேயே கற்றுக்கொடுத்துவிட்டீர்கள். கலெக்டர் ஆகிறேன் என்ற அந்தப் பிள்ளையிடம் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லி, அதன் மனத்தை நீங்கள் ஒருநாளும் நோகடித்ததில்லை.

இளைய வள்ளல்களையும் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போடுகிற வயதில் இவர்களுக்கு ஏழைப் பிள்ளைகள்மேல் அன்பு சுரக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டு, சான்றிதழோடு திரும்பிப் போய், “என் வாழ்க்கையையே மாற்றிய அனுபவம்” என்று கட்டுரை எழுதுகிறார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாறியது யாருடைய வாழ்க்கை என்பதை இவ்வளவு நேர்மையாக எழுத இந்தக் காலத்தில் யாருக்கு மனம் வரும்?

சட்டத்தை மதிப்பதிலும் உங்களுக்கு நிகரில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது அது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில் மத்திய அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது: மாரத்தான், விருது விழா போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அமைச்சகத்துக்கு உங்கள் திறமை தெரியவில்லை. ஒருநாள் கூத்தை ஒருநாள் கூத்து என்று எழுதினால்தானே வம்பு? “அடித்தட்டு மாணவர் கல்வி மேம்பாட்டுத் திட்டம், மூன்றாம் கட்டம்” என்று எழுதினால் தணிக்கையாளரும் எழுந்து நின்று வணங்குவார். நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில் குடிசைப் பிள்ளைகள்மேல் பாசம் பொங்கி வழிவதைப் பார்த்து, அது பிள்ளைகளுக்குத் தேர்வு மாதமாயிற்றே என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பாசத்துக்குக் காலம் நேரம் தெரியாது என்று அவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

நீங்கள் கொடுத்த பொருள்களைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். திரை, புரொஜெக்டர், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பீரோ நிறையக் கதைப் புத்தகங்கள். திறப்பு விழாவில் வைத்த சந்தனமும் குங்குமமும் கலையவில்லை; புத்தகங்களுக்குப் போட்ட பிளாஸ்டிக் உறை பிரியவில்லை. பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்பது மட்டும் சரியாகத் தெரியவில்லை. தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலுக்குப் போய், மாலை சூட்டி நெய் பூசி மின்னிய வேல்களைப் பார்த்துவிட்டு, ஔவையார் மனமாரப் புகழ்ந்தார். அவர் இன்று இருந்தால் உங்கள் பீரோவையும் அதே வாயால் புகழ்ந்திருப்பார். கூடவே, பக்கத்துத் தெருவில் அட்டை கிழிந்து, ஓரம் சுருண்டு, பசை வைத்து ஒட்டிய ஒரு வாசிப்புப் புத்தகத்தைப் பற்றியும் ஏதாவது சொல்லியிருப்பார். அந்தப் பேச்சை நாம் எடுக்க வேண்டாம்.

இந்தப் புகழில் அரசுக்கும் ஒரு பங்கு உண்டு. உங்களுக்கு அலைச்சல் வைக்கக் கூடாது என்ற அக்கறையை அதன் ஒவ்வொரு அடியிலும் பார்க்கலாம். கூவக்கரையிலும் அடையாற்றங்கரையிலும் நகரின் நடுவே சிதறிக் கிடந்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டு தொட்டுக் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுவந்து சேர்த்தது. எல்லாமே உங்கள் அலுவலகங்கள் வரிசை கட்டி நிற்கும் அதே சாலையை ஒட்டி. சேவை செய்ய நினைத்தால் சிற்றுந்து பிடித்துப் போய்வரும் தூரத்தில் இத்தனை ஆயிரம் ஏழைகள் ஒரே இடத்தில் கிடைப்பது உலகில் எந்தத் தகவல் தொழில்நுட்ப வழித்தடத்துக்கு வாய்த்திருக்கிறது?

கல்வி உரிமைச் சட்ட விதிகளின்படி, தொடக்கப்பள்ளி ஒரு கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் இருக்க வேண்டும். 2019 டிசம்பர் இறுதியில், கல்வியாண்டின் நடுவில், பொதுத்தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கும்போது, தீவுத்திடலை ஒட்டியிருந்த சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களை வண்டியேற்றிப் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பழைய பள்ளிக்கே போகிறேன் என்ற பிள்ளை விடியுமுன் பஸ் ஏற வேண்டும். புதுப் பள்ளியில் சேர்ந்தால் முகமே தெரியாத ஆசிரியரிடம் பாதியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டும் முடியாது என்று வீட்டிலேயே இருந்துவிட்டால், உங்கள் கையேட்டில் வரும் “இடைநின்ற குழந்தை” தயார். அரசு இடைநிறுத்திக் கொடுக்கிறது, நீங்கள் வந்து அரவணைக்கிறீர்கள். இப்படிப்பட்ட கூட்டு முயற்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ‘ஏன் கல்வியாண்டின் நடுவில்?’ என்ற கேள்வியை உங்கள் நிறுவனத் தலைவர் எந்த அமைச்சரிடமும் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தியதில்லை. புகைப்படத்துக்குப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிற கேள்வியா அது?

அந்தப் பிள்ளைகளின் குடும்பத்தோடு உங்களுக்குப் பழைய உறவும் உண்டு. அதைப் பெருந்தன்மையாக வெளியே சொல்வதில்லை. உங்கள் அலுவலகத் தளத்தைக் காலையில் துடைப்பதும் கழிப்பறை கழுவுவதும் பெரும்பாலும் அவர்களின் அம்மாக்கள்தான். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள். வேலைக்கு நேரத்தோடு போக வேண்டுமே என்று அம்மா விடியற்காலையில் கிளம்ப, தம்பியைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண் பள்ளிக்குப் போகாமல் நிற்கிறாள். ஒப்பந்தக் கூலியைக் கூட்டலாமே, வேலை நேரத்தை மாற்றலாமே, அலுவலகக் குழந்தைகள் காப்பகத்தில் துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளைக்கும் இடம் கொடுக்கலாமே என்றெல்லாம் சில விவரம் கெட்டவர்கள் கேட்பார்கள். நீங்கள் அந்தச் சின்ன வேலையில் இறங்காமல், அதே பெண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை ‘பெண்கல்வியின் அவசியம்’ பற்றி நாடகம் போட்டுக் காட்டினீர்கள். நல்ல நாடகம். அவளே கைதட்டினாள்.

இத்தனையும் தாண்டி ஒரு பையன் பட்டம் வாங்கி, வேலைக்கு விண்ணப்பித்து வந்தால், முகவரியில் ‘கண்ணகி நகர்’ என்று பார்த்ததும் சில மனிதவளத் துறைகள் காட்டும் நிதானமும் பாராட்டுக்குரியதே. அந்தப் பகுதி இளைஞர்கள் விண்ணப்பத்தில் உறவினர் வீட்டு முகவரி எழுதப் பழகியது சும்மா அல்ல. பையன் எங்கே இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதில் நீங்கள் கடைசிவரை தெளிவாக இருக்கிறீர்கள். பாயில் உட்கார்ந்திருந்தால் அணைத்துக்கொள்வீர்கள். எதிர் நாற்காலிக்கு வந்தால் யோசிப்பீர்கள்.

இவ்வளவு புகழ்ந்தபின் ஒருவரைக் கண்டித்தாக வேண்டும். இல்லாவிட்டால் இந்த மடல் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

பெரும்பாக்கம் குடியிருப்பில் ஓர் அக்கா இருக்கிறார். இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியபோது சேர்ந்தவர். அப்போது ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். அவரிடம் இல்லாத குறையில்லை. டி-ஷர்ட் கிடையாது. ஆங்கிலம் சரளமாக வராது. போட்டோ எடுக்க ஆள் வைக்கவில்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய குற்றம், தினமும் வந்துவிடுகிறார். மாலை ஐந்து மணி அடித்தால் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறார். நேற்று எந்த வரியில் விட்டாரோ அதே வரியில் இன்று தொடங்குகிறார்; இதில் என்ன புதுமை இருக்கிறது? இன்னாருக்கு ‘ழ’ வராது, இன்னாருக்கு வகுத்தலில் தகராறு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஒரு பிள்ளை வரவில்லை என்றால் நாகரிகமில்லாமல் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுகிறார். லிஃப்ட் ஓடாத நாளிலும் எட்டு மாடிக் கட்டடத்தின் உச்சிவரை ஏறிப் போய், “ஏன்டா வரல?” என்கிறார். தண்ணீர் பிடிக்கப் போனான், அப்பா அடித்துவிட்டார், மாற்றுச் சான்றிதழ் வாங்க ஆளில்லை என்று வீட்டு விவகாரமெல்லாம் கேட்டுக்கொண்டு, மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சண்டை பிடிக்கிறார். ஒரு தன்னார்வலர் செய்கிற வேலையா இது?

இன்னும் வருத்தம் என்னவென்றால், படித்தவர்களும் அவர் பக்கமே சாய்கிறார்கள். மும்பையில் 1995 வாக்கில் தொடங்கிய ‘பிரதம்’ அமைப்பு, அந்தந்தப் பகுதிப் பெண்களையே பயிற்றுவித்து, பின்தங்கிய மூன்றாம் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்க வைத்தது. மும்பை, வதோதரா நகரங்களில் இதை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ குழுவினர், பிள்ளைகள் கண்கூடாக முன்னேறினார்கள் என்று 2007இல் எழுதினார்கள். அதே பானர்ஜிக்கும் டூஃப்ளோவுக்கும் 2019இல் நோபல் பரிசு வேறு கொடுத்துவிட்டார்கள். தமிழகக் கிராமங்களில் நடந்த இன்னோர் ஆய்வு, கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதங்களில் மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்றும் சொல்கிறது. பலூனால் எத்தனை பங்கு மீண்டது என்று அளந்து பார்க்க அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அறிஞர்களின் ஓரவஞ்சனை அப்படி.

ஆகவே வள்ளல் பெருமக்களே, அடுத்த முறை வரும்போது அந்த அக்காவின் கண்ணில் மட்டும் பட்டுவிடாதீர்கள். இங்கிதம் தெரியாதவர். நீங்கள் கொண்டுவந்த கேக்கை வெட்டும்போதே, “சார், செவ்வாக்கிழமையும் வர முடியுமா? இந்தப் பையனுக்கு வாசிப்பு மட்டும் கொஞ்சம் பார்த்துக்குங்க” என்று கேட்டுவிடுவார். தப்பித்தவறிச் சரியென்று சொல்லிவிடாதீர்கள். இந்தச் செவ்வாய் வந்தால் அடுத்த செவ்வாயும் வரச் சொல்லும். அப்படியே ஒரு வருடம் ஓடினால் அந்தப் பையன் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிடுவான். அப்புறம் மார்ச் மாதத்தில் நீங்கள் யாருக்குப் போய்க் கல்வி கொடுப்பீர்கள்?